ஒன்பதாம் நம்பர் மின்சாரக் கார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. நடந்தது நள்ளிரவில் இல்லை. பட்டப்பகலில். செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பதுக்கு.

ராரோட்டோங்கா தீவில், சுற்றுலா வருகிறவர்களுக்கு மின்சாரக் கார் வாடகைக்கு விடும் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். புகை இல்லை, சத்தம் இல்லை, தீவுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்போம். அன்று ஒரு ஜோடி, தித்திகாவேகாவில் தங்கியிருந்த வீட்டு வாசலிலேயே காரை விட்டுவிட்டு மதிய விமானத்தில் போய்விட்டார்கள். எடுத்துவர பஸ்ஸில் போனேன். பச்சைக் கார். ஒன்பதாம் நம்பர்.

கிளப்பினேன். சார்ஜ் அறுபத்து நான்கு.

டிங்... டிங்... டிங்...

பின் சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. பை எதையாவது மறந்திருப்பார்கள் என்று இறங்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சீட் மட்டும் ஈரம். கடலில் குளித்த துணியோடு உட்கார்ந்திருப்பார்கள். காலிச் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டு. மூரி கிராமம். எந்த வண்டியையும் துரத்தும் நாய்கள் குரைத்தபடி ஓடி வந்தன. பின் கதவுக்கு நேராக வந்ததும் வாயை மூடிக்கொண்டன. வாலைச் சுருட்டிக்கொண்டு வேலிக்குள் ஓடின.

போன் அடித்தது. ஓரமாக நிறுத்தினேன். முதலாளி தெபாய். எந்தக் கார் எங்கே போகிறது, எத்தனை பேர் பெல்ட் போட்டிருக்கிறார்கள் எல்லாம் கடையிலிருந்தே அவருக்குத் தெரியும்.

"ஓசியில ஆள் ஏத்தாதேன்னு சொல்லிருக்கேன்ல, மெரியானா?"

"நான் மட்டுந்தான் இருக்கேன்."

"அப்ப பின்னால பெல்ட் போட்டுட்டு உக்காந்திருக்கறது உன் மாமியாரா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி கிளம்பினேன். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அடுத்தது காதில் விழுந்திருக்காது. இந்தக் காரில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

க்ளிக்.

பெல்ட் கழன்றது. ஸ்ஸ்ஸ்... மெதுவாக உள்ளே சுருண்டது.

டிங்... டிங்...

விளக்கைப் பார்த்தேன். எரிந்தது பின் சீட்டுக்கானது இல்லை.

என் பக்கத்து சீட்.

நான்கு மணி ஆறு நிமிடம். மாத்தாவேரா தேவாலயத்துக்கு எதிரே நிறுத்தி, சாவியோடு இறங்கி ஓடினேன். உள்ளே போய், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தெபாயை வரச் சொன்னேன். அவர் வரும்வரை வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை...

கடையைச் சாத்திவிட்டு அவர் வந்தபோது ஐந்தே கால். கார் விட்ட இடத்திலேயே நின்றது. சாவி என் கையிலேயே இருந்தது.

சார்ஜ் முப்பத்தேழு. நான் இறங்கும்போது ஐம்பத்தெட்டு.

ஓடிய தூரத்தைத் தெபாய் இரண்டு முறை பார்த்தார். நான் நிறுத்திய பிறகு முப்பத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. எங்கள் தீவை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் அவ்வளவுதான்.



சனிக்கிழமை சந்தையில் தெபாயின் அக்கா அகைத்தியைப் பார்த்தேன். தீவின் அந்தப் பக்கம், அரோராங்கியில் வீடு. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னக்கா கோபம் என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம நாலரை மணிக்கு எங்க வீட்டு வழியாத்தான போன, அந்தப் பச்சைக் கார்ல? நான் கை காட்டுறேன், நீ கண்டுக்காமப் போற."

அது நான் இல்லை என்றேன்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட... நீயேதாண்டி ஓட்டிட்டுப் போன."