கூட்டல் குறியைத் தின்ற பக்கம்

தென்காசியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் பர்சானா. அவள் அக்கா ராபியாவுக்குப் போன ஆடியில் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. பி பாசிட்டிவ் இரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். ராபியாவின் கணவர் கிதிர் முகம்மது, உள்ளூர் இரத்ததான இணையப் பக்கத்தை போனில் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

“இந்த வகையில ஒருத்தரும் இல்லைன்னு வருது, பர்சானா.”

“அதெப்படி மச்சான்? நானே பி பாசிட்டிவ். நானே அதுல பேர் குடுத்திருக்கேன்!”

அவள் போய் இரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் சுடலைமாடன், யாரோ சொல்லக் கேட்டு டெம்போவில் ஏறி வந்து இன்னொரு பாட்டில் கொடுத்தார். ராபியா பிழைத்தாள்.

பர்சானாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து தேடிப் பார்த்தாள். ‘B+’ என்பது அப்படியே இணைய முகவரிக்குள் போயிருந்தது. முகவரியில் தேடுசொல்லுக்குள் வருகிற கூட்டல் குறியை சர்வர் வெற்றிடமாகத்தான் படிக்கும். அதை ‘%2B’ என்று மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றாததால், வெறும் ‘B’ என்று ஒரு வகையைத் தேடிக் கைவிரித்திருக்கிறது. நெகட்டிவ் வகைகளெல்லாம் ஒழுங்காக வந்தன; பாசிட்டிவ் வகை ஒன்றுகூட வரவில்லை. ஊரில் கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலும் ஓடுகிற இரத்தம்தான் இல்லையாம்!

பக்கத்தை நடத்துகிற உமாசங்கரின் ஆபீஸ் குற்றாலம் ரோட்டில். நேரே போனாள்.

“ஒரு வருஷமா ஓடுதும்மா. யாரும் குறை சொல்லலியே,” என்றார் அவர்.

“சொல்லுததுக்கு ஆள் உயிரோட இருக்கணும்லா, அண்ணாச்சி?”

அவர் முகம் கறுத்தது. “புரோகிராமர் திங்கக்கிழமை வருவாரு. பாக்கச் சொல்லுதேன்.”

“ஒரு வரிதான் மாத்தணும். மாத்துத வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”

வேறு வழியில்லாமல், அவள் வரியைக் காட்டக் காட்ட அவரே உட்கார்ந்து மாற்றினார். மறுபடி தேடியதும் பெயர்கள் மளமளவென்று இறங்கின. இலத்தூர், புளியங்குடி, செங்கோட்டை… இத்தனை பேர் தயாராக இருந்தும் இல்லை என்று சொல்லியிருக்கிறதே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

“சின்னத் தப்புதாம்மா,” என்றார் உமாசங்கர்.

“முன்ன தேடி ஏமாந்து போனவங்களுக்கு, ‘தப்பு எங்க மேலதான்’னு நீங்க முகப்புல போடுங்க.”

“பேரு கெட்டுரும்மா.”

“எங்க அக்கா போயிருந்தா?”

“சரிம்மா, நாளைக்குப் போட்டுருதேன்,” என்றார் அவர்.

மறுநாள் அறிவிப்பு வந்திருந்தது. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். பர்சானா போனை எடுத்தாள்.

“அண்ணாச்சி, எழுத்தப் பெருசாக்கி மேல கொண்டு வாங்க. இல்ல, நான் கெளம்பி வரவா?”