சரணம் பின்பக்கம் போன கதை

பாட்டின் நடுவில் பாடகர் குழு முழுவதும் ஒரே நேரத்தில் தாளைப் புரட்டியது. லண்டனின் பிளேஸ்டோவில், ஆலய மண்டபத்தில், திருவிழா ஒத்திகை. சரணத்தின் கடைசி இரண்டு வரிகள் பின்பக்கத்தில் கிடந்தன; அதைப் பாடிவிட்டுப் பல்லவிக்காக மறுபடியும் முன்பக்கம் வரவேண்டும். தாள்களின் சரசரப்பில் பாட்டு அமிழ்ந்துபோக, கீபோர்ட் மட்டும் தனியாக ஓடியது.

“பிள்ளை, இது பாட்டோ, உடற்பயிற்சியோ?” என்றார் குழுவை நடத்தும் அன்ரி. “பிரட்டிப் பிரட்டி என்ரை கை உளையுது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ காது சுட்டது; அந்தப் பாட்டுப் புத்தகத்தைச் செய்தது நான். அந்த நொடியில்தான் புரிந்தது: அலுவலக மென்பொருள்களுக்கிடையே நடப்பது திறமைப் போட்டியே இல்லை. நீ எவ்வளவு நல்லதைச் செய்தாலும், உன் கோப்பு கடைசியில் பெரிய அமெரிக்க நிறுவனத்தின் செயலியில்தான் திறக்கப்படும். குலைந்தால் பழி உனக்கு.

நான் வேலை செய்வது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் லண்டன் கிளையில். தலைமையகம் பெர்லின். ஆவணம் எழுதும் செயலி ஒன்றைச் செய்கிறோம். அமெரிக்கச் செயலியை விட்டு எங்களிடம் வாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அந்த வேகத்தில்தான் எங்கள் தமிழ்ப் பங்கின், அதாவது ஆலயச் சமூகத்தின், செயலாளரைப் பிடித்தேன். மன்னார்க்காரர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

“எங்கட தரவெல்லாம் ஏன் அண்ணை அமெரிக்காவில கிடக்கோணும்?”

“எனக்கு உந்த அரசியல் வேண்டாம், பிள்ளை. அனுப்பினால் திறக்கோணும். திறந்தால் இருந்தபடி இருக்கோணும். ஏலுமெண்டால் சொல்லு.”

“ஓம் அண்ணை, ஏலும்.”

“அப்ப இந்த முறை நவநாள் புத்தகத்தை நீயே செய். சரியா வந்தால் பங்கு அலுவலகமும் தமிழ்ப் பள்ளியும் உன்ரை செயலிக்கு மாறும்.”

நவநாள் என்பது திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடு. எங்கள் பங்கில் ஒவ்வொரு நாளையும் ஒரு பகுதிக் குடும்பங்கள் பொறுப்பேற்கும். இல்ஃபோர்ட்டிலிருந்து ஒரு கோப்பு, குட்மேய்ஸிலிருந்து ஒரு கோப்பு என்று அவரவர் தட்டச்சுச் செய்து அனுப்புவார்கள். கடைசி நேரம்வரை பாட்டு மாறும். அதனால் திருத்த முடியாதபடி பூட்டிய கோப்பாக அனுப்ப முடியாது. பாடும்போது பக்கம் திருப்பக்கூடாது என்பது மட்டும் மாறாத சட்டம்.

எல்லாவற்றையும் எங்கள் செயலியில் சேர்த்தேன். ஒவ்வொரு பாட்டும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அழகாக இருந்தது, இப்போதும் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அண்ணை அதை அலுவலகக் கணினியில், பழைய அமெரிக்கச் செயலியில் திறந்து, ஒரு பாட்டை மாற்றி, அச்சிட்டார். நான் பயன்படுத்திய இலவசத் தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அது கேட்காமலே தன் எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. அதன் எழுத்துகள் கொஞ்சம் அகலம். தமிழ்ச் சொற்கள் நீளம். வரி மடிந்தது, பக்கம் வழிந்தது, சரணம் பின்பக்கம் போனது.

“உங்கட ஐரோப்பாக்காரருக்குப் பாட்டுப் பாடத் தெரியாது போல” என்றார் அண்ணை. கோபமில்லாமல் சொன்னார், அதுதான் இன்னும் எரித்தது. பழைய செயலியிலேயே புத்தகத்தை மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்.

யார் மேல் கோபப்படுவது? கணினி வாங்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, மின்னஞ்சல், கூட்டம், நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறவர்கள் மேலா? அவர்கள் செயலி எப்படிக் காட்டுகிறதோ அதுதான் சரி, மற்றவன் காட்டுவதெல்லாம் பிழை என்று உலகமே நம்புகிறதே, அதன் மேலா? எல்லாவற்றின் மேலும்தான். ஆனால் மறுநாள் பெர்லினுக்கு எழுதியபோதுதான் உண்மையில் கொதித்தேன்.

“சுவாரசியமான பிரச்சினை” என்று பதில் வந்தது. “நமக்குத் தமிழ்ப் பயனர்கள் எத்தனை பேர்?”

கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லை என்பதா! அமெரிக்கர்கள் தமிழ் எழுத்துருவைக் கணினியோடே வைத்து அனுப்புகிறார்கள். அன்பினால் அல்ல, ஆனால் அனுப்புகிறார்கள். சுதந்திரம், இறையாண்மை என்று மாநாடு மாநாடாக முழங்குகிற ஐரோப்பாக்காரர் நாங்கள், ஆளுக்கொரு நாடு, நாட்டுக்கொரு செயலி என்று பிரிந்து நின்றுகொண்டு, தமிழில் ஒரு பக்கத்தைக்கூட அச்சிட்டுப் பார்த்ததில்லை. சொந்த நிறுவனத்தின் மேல் வரும் கோபத்துக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணையை மறித்தேன்.

“இன்னொருக்கா தாங்கோ.”

“முழுப் புத்தகம் தரமாட்டன், பிள்ளை. ஒரு கிறிஸ்மஸ் கரோல் தாறன். ஒரே ஒரு பாட்டு. என்ரை கணினியில திறந்து, என்ரை கண்ணுக்கு முன்னால அச்சடிச்சுக் காட்டு.”

அதற்காகத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இலவச எழுத்துரு ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் அமெரிக்கச் செயலி போடும் எழுத்துருவின் அகலத்துக்குச் சரியாகப் பொருத்துகிறேன். என்னுடையதற்குப் பதில் அது நுழைந்தாலும் வரி மடியக்கூடாது. ‘க’ முடிந்தது. ‘ணை’ அடம்பிடிக்கிறது. பெர்லினில் அனுமதி கேட்கவில்லை. கரோல் ஒரே பக்கத்தில் நின்றால், அந்தத் தாளோடு நேரே போய் அவர்கள் மேசையில் வைப்பேன்.