இடது கண்ணுக்கு மட்டும் மை

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். நான் கொச்சிக்கடையில் ஒரு கந்தோரில் கிளார்க். கொட்டாஞ்சேனை நாடக சபையிலோ பட்டத்து ராணி. எங்கள் சபையில் பெண்கள் மேடையேறுவதில்லை. அதனால் மூன்று வருஷமாக நான் மீசையே வைத்ததில்லை. கந்தோரில் அதற்கு வாங்கிய பகிடி கொஞ்சநஞ்சமல்ல.

நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், வலது மேலிமையில் இருந்த கட்டியை ஆஸ்பத்திரியில் வெட்டி இரண்டு தையல் போட்டார்கள்.

"டொக்டர், மை பூசலாமோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"பத்து நாளைக்கு மையும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். பிறகு கண் போச்செண்டு இஞ்ச வராதையும்!"

கண் போவதைவிட வேஷம் போய்விடுமே என்பதுதான் என் பதற்றம். தோழி வேஷக்காரன் ராணியின் வசனம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தான். ஒத்திகையில் நான் பேசினால் அவன் உதடு அசையும். "பாவம் மச்சான், நீ ரெஸ்ட் எடு" என்று அவன் வேறு சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடுவேனா? நாடகத்தன்று முகத்தின் இடப்பக்கத்துக்கு மட்டும் அரிதாரம், கன்னச் சிவப்பு, காதுவரை மை எல்லாம் பூசினேன். வலப்பக்கம் சும்மா என் மூஞ்சி. அதை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"ராணி கண்ணாமூச்சியா விளையாடுறா?" என்றார் நாடகம் பழக்கிய அண்ணாவியார். முன்வரிசைப் பெண்களோ, "என்ன அடக்கம், பாருங்கோவன்" என்று மெச்சினார்கள்.

மகனை இழந்து ராணி புலம்பும் கட்டம் வந்தது. விளக்குச் சூட்டில் நடு நெற்றியின் அரிதாரம் வியர்வையோடு உருகி, வலப்பக்கம் வழிந்து தையலுக்குள் இறங்கியது. ஐயோ, அந்த எரிவு! கண்ணீர் கொட்டியது, வசனம் முழுதும் மறந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். தோழி முன்னால் வந்தான். தொலைந்தது என் ராணிப் பட்டம் என்று நினைத்தேன்.

அவன் என் வலப்பக்கம் மறைத்து நின்று, காதோரம் குனிந்து, வசனத்தை வரி வரியாக எடுத்துக் கொடுத்தான். நான் விம்மி விம்மிச் சொன்னேன். பார்த்திருந்த சனமெல்லாம் அழுதது.

திரை விழுந்ததும் கேட்டேன்: "நீயே பேசியிருக்கலாமேடா?"

"பேசத்தான் வந்தனான் மச்சான். உன்ர வேஷத்தைப் பறிக்கத்தான் எல்லாம் பாடமாக்கினனான். கிட்ட வந்து கண்ணைப் பார்த்தன், மனம் வரேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் தேங்காயெண்ணெய் தொட்டு என் இடது கண் மையைத் துடைத்துவிட்டான். "அடுத்த முறை மற்றக் கண்ணையும் வெட்டிக்கொண்டு வந்தாலும் விடமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றான்.

அடுத்த ராணி அவன்தான் என்று அன்றே அண்ணாவியாரிடம் சொன்னேன். திங்கட்கிழமை, மேலுதட்டைச் சவரம் செய்யாமல் கந்தோருக்குப் போனேன்.