நானே செய்துகொள்வேன்

தேக்காவில் துணிக்கடை வைத்திருந்த காலத்தில் முகைதீன் யாருக்கும் இல்லை என்று சொன்னவரில்லை. நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசலில் அரிசிப் பை கொடுக்கிறவர்களில் அவரும் ஒருவர். கடை போயிற்று. பிறகு பக்கவாதம் வந்து வலப்பக்கமும் விழுந்தது. தெம்பனிஸில் வீவக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அரசாங்க உதவிக்கு மனுப் போடும் நிலை. போட்டது மனைவி ஜைனப். அதற்காக அவர் பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரால் என்னென்ன செய்ய முடியவில்லை என்று பார்க்க அன்று அரசாங்கம் அனுப்பிய ஒரு பெண் வரவிருந்தாள். மனிதர் என்ன செய்தார்? பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாராவதுபோல் தயாரானார். பூப்போட்ட பத்தேக் சட்டை, அத்தர், தலையில் தொப்பி. எல்லாம் ஜைனப் போட்டுவிட்டதுதான்.

"வர்ற பிள்ளைகிட்ட வீட்டு விஷயத்தையெல்லாம் கொட்டிக்கிட்டிருக்காதே" என்று அவளுக்கு உத்தரவு வேறு.

வந்தவள் தாதி சிவானி. தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் கூசியது. வேற்று மொழிக்காரியாக இருந்தால் பாதியாவது புரியாமல் போயிருக்கும்.

"முதல்ல டீ குடிங்கம்மா."

"பரவால்ல அங்கிள். குளிக்கிறதுக்கு யாரு உதவி பண்றாங்க?"

"நானே குளிச்சுக்குவேன்."

"சட்டை போடறது?"

"நானே."

ஜைனப் தரையைப் பார்த்தாள். இவர் இப்படியே அளந்துகொண்டிருந்தால் மனு அதோடு சரி. உதவிக்கு ஆள் வைக்க வழியிருக்காது, அவள்தான் கடைசிவரை தூக்கிச் சுமக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

"மேல் பட்டனை மட்டும் கழட்டிக் காட்டுங்க, அங்கிள்."

இடக்கை பட்டனைத் தேடியது, வழுக்கியது, மறுபடி தேடியது. பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் ஜைனப் கை நீட்டினாள். மணிக்கட்டில் பெரிய கட்டு.

"கையில என்னாச்சு, ஆன்ட்டி?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் லா."

கதவாவது ஒன்றாவது! கழிவறையில் அவர் சரிந்தபோது தாங்கிப் பிடித்த கை அது. அவர் மானத்தைக் காப்பாற்ற, அவர் கட்டளைப்படி, வலியோடு நின்று பொய் சொல்கிறாள். முகைதீன் அந்தக் கட்டையே பார்த்தார். அரசாங்கத்திடம் கை நீட்டுகிறோமே என்று இத்தனை நாள் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ சொல்றது பொய்மா. என்னால எதுவும் முடியல. கக்கூசுக்குப் போனா கழுவிவிடறதும் அவதான்."

ஜைனப் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவானி படிவத்தில் எதுவும் எழுதவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு நீளமாகப் பேசினால் அவருக்கு நாக்குக் குழறும்.

"ஸாரி அங்கிள், சரியா விளங்கல. கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே பக்கத்து வீட்டு பதுருன்னிசா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முகைதீன் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக இன்னொரு முறை சொன்னார்.