கோதாவில் முளைத்த கத்தரி

ரங்கூனில் யாரும் என்னைப் பார்த்து "இளைச்சிட்டியே" என்று சொல்வதில்லை. லீவு முடிந்து கப்பலை விட்டு இறங்கி வந்த அன்று, வீட்டுச் சொந்தக்காரி மா சேன் என் தொப்பையை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தாள், பூசணிக்காய் வாங்குகிறவள் மாதிரி. இங்கே கடை வைப்பதும் வாடகை வாங்குவதும் பெண்கள்தான். தொப்பையைத் தட்டிப் பார்ப்பதும் வாடகையில் சேர்த்தி போலிருக்கிறது.

ஆம்பூரில் இதே தொப்பைக்குக் கிடைத்த மரியாதையே வேறு. தங்கச்சி கல்யாணமும் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. அக்கா பிரியாணியை அள்ளி வைத்து, பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காயை ஊற்றி, "இன்னாடா கொறிக்கிறே? அந்த ஊர்ல சோறு போட்றாங்களா இல்லியா?" என்பாள். ஆற்காட்டு மாமா மக்கன் பேடாவோடு வந்து இறங்குவார். விடியற்காலை எழுந்து, தோல் ஷாப்புக்குப் பின்னால் குஸ்தி பழகும் தாலீம்கானாவுக்குக் கிளம்பினால், "கல்யாண வூட்ல இன்னாடா தண்டாலு?" என்று கையில் நாஷ்டாவைத் திணித்துவிடுவார்கள். சுங்கம் கட்டாமல் நான் ரங்கூனுக்குக் கொண்டுவந்த சரக்கு இந்த வயிறு ஒன்றுதான்.

இங்கே எங்களுக்கும் ஒரு தாலீம்கானா உண்டு. மா சேனின் கொல்லையில் நானும் பேரணாம்பட்டு ஹமீதும் வெட்டிய கோதாக் குழி அது. மண்ணை ஊர்ப் பக்குவத்தில் எண்ணெயும் மோரும் மஞ்சளும் விட்டுப் பிசைந்தோம். பகலெல்லாம் பச்சைத்தோல் கிடங்கில் கணக்கெழுதுகிற நாங்கள் தெருவில் வெறும் 'கலா'. அந்நியன் என்று அர்த்தம். அந்தக் குழிக்குள் இறங்கினால்தான் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அது போய்விட்டால் நான் செத்த மாதிரிதான்.

இருந்தும் எழுந்திருக்க முடியவில்லை. இன்றைக்கு மழை, நாளைக்கு முதுகுவலி என்று இழுத்தடித்தேன். ஹமீது ஒருநாள் போர்வையை உருவினான். "நான் யாரோட மல்லுக்கட்றது, சொவத்தோடயா? ஆள் வரலன்னா குழில கத்தரி நட்ருவேன்னு அந்தம்மா சொல்லிட்சி."

மறுநாள் போனேன். நம் பக்கத்துத் தாலீம்கானா வழக்கம் தெரியுமல்லவா, நாள் தவறி வருகிறவன் மண் முழுவதையும் கொத்திப் புரட்டாமல் லங்கோடு கட்டக்கூடாது. ஹமீது மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க, வயிறு முன்னால் ஆட, மூலைமுடுக்கெல்லாம் கொத்திப் போட்டேன். மாடியிலிருந்து மா சேன் பார்த்துக் கை தட்டினாள். அந்த வயிற்றைப் பார்த்துத்தான் தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் குழி நெடுகக் கத்தரி நாற்று. அவளுக்காகத்தான் நான் பாத்தி வெட்டினேன் என்று மகராசி நம்பிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுடைய இந்துஸ்தானியையும் என் பர்மிய பாஷையையும் சேர்த்தால் அரைப் பாஷை தேறாது. இது மல்யுத்தக் குழி என்று காட்டத் தொடையைத் தட்டினேன். கொசு கடிக்கிறது என்று அவள் ஓடிப்போய்ப் புகை மூட்டினாள்.

"சொன்னா புரியாது, காட்டிடலாம், வாடா" என்றான் ஹமீது. குஸ்தி பிடித்தோம். கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிட்டான். மா சேன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தானே இறங்கி, பாதி நாற்றைப் பிடுங்கினாள். "ஆதா தும், ஆதா ஹம். பானி தும்" என்றாள். பாதி உனக்கு, பாதி எனக்கு, தண்ணீர் ஊற்றுவது உன் வேலை.

இப்போது விடிவதற்குள் நான் எழுந்துவிடுகிறேன். வைராக்கியம் ஒன்றுமில்லை, நாற்று வாடினால் மிச்சக் குழியும் போய்விடுமே என்ற பயம். தண்ணீர் இறைத்த கையோடு தண்டாலும் பஸ்கியும் நடக்கின்றன. வயிறும் கொஞ்சம் வாடியிருக்கிறது, அக்காவுக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள். இன்று காலையும் ஹமீதுதான் ஜெயித்தான். முதுகு ஆம்பூர்ப் பக்குவ மண்ணில், தலை கத்தரிப் பாத்தியில். மூக்குக்கு மேலே முதல் பிஞ்சு தொங்குகிறது. அக்காவின் கத்தரிக்காய் நினைவில் எச்சில் ஊறுகிறது. மார்மேல் உட்கார்ந்துகொண்டு ஹமீது கேட்கிறான், "இன்னாடா, எந்த ஊர்ல கீறே நீ?"