ஏரிக்கரை இடத்தை இல்லாமல் செய்தவர்

அண்ணை, ஏரிக்கரையில் எங்களுக்கு இருந்த இடத்தை இல்லாமல் செய்தது நீங்கள். பிறகு சனத்தைத் துரத்தியவள் நான் என்று போகிற இடமெல்லாம் சொன்னதும் நீங்கள். இரண்டையும் செய்துவிட்டு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடகர் வரிசையில் முன்னுக்கு நிற்கிறீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவருக்கு முழங்கால் பழுதாகிவிட்டது. அவர் தன்னுடைய வோன்வாகனை எங்களுக்குத் தந்தார். வோன்வாகன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். கை கழுவ ஒரு தொட்டி, ஒரு காஸ் அடுப்பு, நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு அலுமாரி. நாய் மணமும் பூஞ்சண மணமும் போக வினாகிரி போட்டு மூன்று தரம் உரஞ்சினேன். பூஞ்சணம் போனது. நாய் போகவில்லை.

ஓட்டுவது நான்தான். என்னிடம் இருந்தது பழைய லைசென்ஸ். அதோடு இழுவை வண்டி கொழுவலாம். என் கணவர் இவருடையது பிறகு எடுத்தது, அந்த எடைக்குச் சரிவராது. முன்னுக்கு ஓட்டுவதில் ஒன்றுமில்லை. பின்னுக்கு எடுப்பதுதான் தலையிடி. காரை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி மற்றப் பக்கம் போகும். கோவிலுக்குப் பக்கத்திலிருக்கும் கடையின் வாகனத் தரிப்பிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும். பூசை முடிந்தபின் அங்கேதான் பழகினேன். நம்முடைய ஆண்கள் ஒருவர் விடாமல் வந்து நின்று கை காட்டினார்கள். "ஒடியுங்கோ, ஒடியுங்கோ, ஐயோ மற்றப் பக்கம்!" அவர்களில் ஒருவர்கூட வாழ்க்கையில் இழுவை வண்டி கொழுவியவர் இல்லை.

அண்ணை, நீங்கள் அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "தங்கச்சி, வீட்டை விட்டிட்டு ஓடி வந்தது காணாதெண்டு இப்ப வீட்டையும் இழுத்துக்கொண்டு ஓடப் போறியளோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான், அதை நான் மறுக்கவில்லை.

வண்டியை ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்லவேண்டும். இவருக்கு நித்திரை இல்லை. தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் படுக்க வேண்டும். நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே டிராம் போகும். டிராம் இல்லாத நேரத்திலும் இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பார். நாட்டை விட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மருத்துவர் குளிசை தந்தார். குளிசை போட்டால் வேலையில் கை நடுங்கியது. பிறகு நடக்கச் சொன்னார். காட்டுக்குள் நடவுங்கள் என்றார்.

முதல் தடவை ஐஃபல் மலைப்பக்கம் போனோம். ஒரே மழை. வண்டியை மட்டமாக நிறுத்தத் தெரியாமல் சரிவிலேயே படுத்தோம். இரண்டு பேரும் உருண்டு ஒரு மூலைக்குள் கிடந்தோம். ஆனால் இவர் நித்திரை கொண்டார். நான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்து, அது கூவி, கதவு அடித்து, வெளியே நாய் குரைத்தும் எழும்பவில்லை. கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் இவர் குறட்டை விடுவார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. அங்கே ஏரிக்கரையில் வோன்வாகன் நிறுத்தித் தங்குகிற ஒரு முகாமிடம் இருந்தது. இளவேனிலிலிருந்து இலையுதிர்காலம் வரை ஒரே இடத்தை வைத்திருக்கலாம். ஆனால் ஆட்கள் காத்திருந்தார்கள். உரிமையாளரிடம் போய்ப் போய்க் கேட்டேன். மனுஷன் சிரிக்கவே மாட்டார். கடைசியில் ஒரு வயதான அம்மா தன் இடத்தை விட்டபோது எங்களுக்குத் தந்தார். விதிகளை என் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு பேர் மட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் கூடாது. யாராவது வருவதென்றால் முதலில் அவருடைய அலுவலகத்தில் சொல்ல வேண்டும். நான் "ஓம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊரில் அது கையெழுத்தைவிடப் பெரிது.

வெள்ளிக்கிழமை இவர் வேலை முடிந்து வர வெளிக்கிடுவோம். சனிக்கிழமை ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறுவோம். மரங்களில் அடையாளம் கீறியிருப்பார்கள், அதைப் பார்த்துப் போக வேண்டும். இவர் அடையாளத்தைப் பார்க்காமல் குறுக்கு வழி பிடிப்பார். சேற்றுக்குள் கொண்டுபோய் விடுவார். நான் ஏசுவேன். "உதுதான் கிட்ட எண்டு நினைச்சன்" என்பார். ஒவ்வொரு கிழமையும் அதே கதை. ஆனால் இரவு நித்திரை கொள்வார். எனக்கு அது போதும்.

அப்போதுதான், அண்ணை, ஒரு ஞாயிறு நாங்கள் பூசைக்கு வந்து கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது நீங்கள் வந்து கேட்டீர்கள். "உங்களைப் பூசையிலை காணக் கிடைக்குதில்லை. எங்கை போறனீங்கள்?" நான் மறைக்கவில்லை. இடத்தைச் சொன்னேன். "நல்ல இடமோ? தண்ணி கிட்டவோ?" என்றீர்கள். ஓம் என்றேன். அவ்வளவுதான் நமக்குள் நடந்த பேச்சு. வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சத்தியமாகச் சொல்லவில்லை.

பெந்தெகோஸ்தே ஞாயிறன்று நாங்கள் ஏரிக்கரையில் இருந்தோம். அந்தப் பூசை முடிவில் நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, மறுநாள் விடுமுறை என்பதால் ஏரிக்கரையில் ஒன்றுகூடல், இடம் எங்கடை தங்கச்சியின்ரை, கூழ் காய்ச்சுவம், எல்லோரும் வாங்கோ என்று அறிவித்தீர்கள். நம்முடைய சனத்துக்கு விடுமுறையும் கூழும் என்றால் வேறென்ன வேண்டும்? ஒருவருக்கு இடம் கிடைத்தால் அது ஊருக்கே கிடைத்த மாதிரி. வந்தவர்களில் நான் குற்றம் காணவில்லை. நானே அழைத்தேன் என்று நினைத்துத்தான் வந்தார்கள்.

திங்கள் காலையில் நாங்கள் நடக்கப் போய்விட்டோம். மதியம் இறங்கி வருகிறோம், காட்டு விளிம்பிலேயே கூழுக்குக் கரைக்கிற ஒடியல் மா, அந்தப் பனங்கிழங்கு மா, மணக்கிறது. இவர் நின்றார். "எனக்கு மட்டும்தான் மணக்குதோ?" என்று கேட்டார். எனக்கும் மணத்தது.

வந்து பார்த்தால் எங்கள் வண்டியைச் சுற்றிப் புல் தெரியவில்லை. கோவில் திருவிழாவுக்கு எடுக்கிற பெரிய பானை, காஸ் அடுப்பில் கொதிக்கிறது. பக்கத்து ஜெர்மன்காரரின் பூக்கன்று வேலிக்கு மேலால் பந்தடிக்கிறார்கள். ஒரு வாகனத்தின் கதவுகளைத் திறந்துவிட்டுப் பாட்டு. குடிதண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு மன்னார் அண்ணை குந்தியிருந்து நண்டு உடைக்கிறார். கோது எல்லாம் வடிகாலுக்குள். என் வண்டிக்குள் நான்கு பெண்கள் எங்கள் படுக்கையில் இருந்து கதைக்கிறார்கள்.

"வந்திட்டியளோ அக்கா! எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கிறம். உப்பு எங்கை வச்சிருக்கிறியள்?"

உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் அகப்பையோடு நின்றீர்கள், அண்ணை. "தங்கச்சி, கோவிக்காதேங்கோ. சனம் ஆசைப்பட்டிட்டுது."

"அண்ணை, இது சத்தம் போடக் கூடாத நேரம். உந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"இண்டைக்கு ஒரு நாள்தானே. உங்கடை வெள்ளைக்காரனை ஒருக்காச் சமாளியுங்கோவன்."

என்னுடைய வெள்ளைக்காரன்! நான் வாய் திறப்பதற்குள் உரிமையாளர் வந்துவிட்டார். குழாயைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். என்னிடம் வந்து, இவர்களை யார் வரச் சொன்னது, இவர்களை உனக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் நான் போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று ஜெர்மனில் கேட்டார்.

போலீஸ் என்ற சொல் எல்லோருக்கும் விளங்கியது. நீங்கள் அகப்பையை வைத்துவிட்டு வந்தீர்கள். என் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தீர்கள்.

"தங்கச்சி, உங்கடை ஆக்கள் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் கூப்பிட்டது எண்டு சொல்லுங்கோ. என்ரை வாகனத்திலை வந்த பெடியள் ரெண்டு பேருக்கும் விசா சரிவரேல்லை. மாவட்டம் தாண்டி வரக்கூடாத ஆக்கள். பிடிச்சாங்களெண்டால் அவங்கடை கேஸ் முடிஞ்சுது."

அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. இங்கே வந்த எல்லோருக்கும் தெரிந்த சட்டம். உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு பானைக் கூழுக்காக அவர்களை ஏற்றி வந்தீர்கள். இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் நின்றார்கள். கையில் கூழ்க் கோப்பை அப்படியே இருந்தது.

நான் உரிமையாளரிடம் திரும்பி, ஓம், இவர்கள் என் விருந்தினர், நான்தான் கூப்பிட்டேன் என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. "நீ எனக்குக் கை தந்தாய்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் உடனே போக வேண்டும், நாங்கள் கிழமை முடிவதற்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்றார். அதை நான் தமிழில் உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். "எல்லாரும் வெளிக்கிடட்டாம், இப்பவே."

அங்கேதான் நான் மாட்டினேன். ஜெர்மனில் அவர் சொன்னது அரைவாசிப் பேருக்கு விளங்கவில்லை. தமிழில் சொன்ன வாய் என்னுடையது. என்னைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் ஒரு அக்கா, "உப்புக் கேட்டதுக்கு உவ்வளவு கோவமோ?" என்று கேட்டுக்கொண்டு பானையைத் தூக்கினாள். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், அண்ணை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அகப்பையைக் கழுவினீர்கள்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கதை முற்றிப்போயிருந்தது. நான் வெள்ளைக்காரனோடு சேர்ந்து நம் சனத்தை நாய் மாதிரித் துரத்தினேனாம். என்னைக் கண்டதும் பெண்கள் கோப்பிக் கோப்பையோடு அடுத்த மேசைக்குப் போனார்கள். இவரைப் பார்த்து, "மனிசி உங்களையும் சத்தம் போட விடமாட்டாவோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதைக் கேட்டவரின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது நீங்கள்தான். நான் அங்கேயே உடைத்துச் சொல்லியிருப்பேன். இவர்தான் தடுத்தார். "பெடியளின்ரை கதை வெளியிலை வரும். விடு."

விட்டேன். வாயைத் திறந்தால் அந்த இரண்டு பேரும் எல்லை தாண்டியது தெரியவரும். யார் எங்கே போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. உங்களுக்கும் அது நன்றாக விளங்கியிருந்தது, அண்ணை. நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் அவ்வளவு துணிந்து சொன்னீர்கள். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

வேறு முகாமிடங்களில் கேட்டோம். இருந்தால் தூரம், கிட்டவென்றால் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கிழமையும் புது இடத்தில் கொழுவி, கழற்றி, கால் இறக்கி, மட்டம் பார்த்து, திரும்ப ஏற்றுவது ஓய்வு இல்லை, இன்னொரு வேலை. வண்டி இப்போது அதைத் தந்த ஜெர்மன்காரரின் கராஜுக்குப் பின்னால் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. இவர் பழையபடி முகட்டைப் பார்க்கிறார்.

அந்தத் தம்பிமார் இருவருக்கும் இப்போது விசா கிடைத்துவிட்டது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நீங்கள் திரும்பவும் அதே கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள். "அக்கா, இனி எங்களுக்காகப் பாக்காதேங்கோ. சொல்லுங்கோ. தேவையெண்டால் நாங்களும் வாறம்."

அதனால் கேட்கிறேன். தனியாக வந்து "தங்கச்சி, மறவுங்கோ" என்று சொல்ல வேண்டாம். தொலைபேசியும் எடுக்க வேண்டாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்து சனம் மண்டபத்தில் இருக்கும்போது எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். அந்த ஒன்றுகூடலை அறிவித்தது யார்? அந்தத் தம்பிமாரை எல்லை தாண்டி ஏற்றி வந்தது யார்? நான் கூப்பிட்டேன் என்று பொய் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்தது யார்? நான் மண்டபத்தில் இருப்பேன். இவரும் வருவார். எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள், அண்ணை.