நான்கு மணித்தியாலம் ஓடவேண்டிய பெட்டி

அக்காவின் கணவரும் நானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. ஒரே அறையில் இருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு அக்காவிடம்தான் சொல்வோம். அவள் அதை மற்றவருக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். பதினாறு வருடங்களாக இப்படித்தான்.

நாங்கள் கோப்பாயில் தோட்டம் செய்யும் குடும்பம். அத்தான் மயிலிட்டிக் கடற்கரையைச் சேர்ந்தவர். ஊரைவிட்டு எழுப்பப்பட்டு எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த காலத்தில் அக்கா அவரை விரும்பினாள். கலியாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் அப்போது ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளன். சாதி ஒழியவேண்டும் என்று வந்த ஆசிரியர் தலையங்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, அன்று வேலை இருக்கிறது என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அத்தான் அதை மறக்கவில்லை. மறப்பதற்கு அவருக்குக் காரணமும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விளையாட்டுப் பெட்டியின் மின்கோளாறைக் கண்டுபிடிக்க ஏன் மூன்று கிழமை பிடித்தது என்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நான்கு மணித்தியாலம் படுத்திருக்கவேண்டும். இடக்கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை அசைக்கக்கூடாது. கூட வந்தவர்கள் கதவுக்கு வெளியே போட்டிருக்கும் நீள வாங்கில் இருக்கவேண்டும். வலியை அவள் தாங்கினாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைத்தான் தாங்கவில்லை. இரண்டாவது மணித்தியாலம் வரும்போது “கழட்டுங்கோ” என்று தொடங்குவாள். மறுத்தால் சத்தம் போடுவாள். கடைசியில் தன் விருப்பத்தில்தான் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு எழும்பி வந்துவிடுவாள். வெளியேறவேண்டிய தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். கால் வீங்கும். காலுக்கு அடுத்தது நெஞ்சு என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் அவர் அக்காவைப் பார்க்கவில்லை, எங்கள் இருவரையும் பார்த்தார்.

போனில் ஏதாவது பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த நோயில் தோல் காய்ந்துபோகும். அக்காவின் விரலைப் போனின் கண்ணாடி கண்டுகொள்வதில்லை. பத்துத் தரம் தட்டினால் மூன்று தரம் வேலை செய்யும். அவளுக்கு அழுத்துவதற்குப் பொத்தான் வேண்டும், அதுவும் வலக்கைப் பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் எல்லாம் இருக்கவேண்டும். பள்ளிக்கூட நாட்களில் மேலிருந்து கட்டைகள் விழும் ஒரு கைவிளையாட்டு அவளிடம் இருந்தது. வகுப்பில் பிடிபட்டு அதிபரின் மேசை லாச்சிக்குள் போய்ச் சேரும்வரை அவளை யாரும் வென்றதில்லை. அந்த விளையாட்டை ஒற்றைக் கையால் ஆடும்படி ஒரு பெட்டி செய்வதென்று முடிவெடுத்தேன்.

எனக்கு வேலை பின்னேரத்தில்தான் தொடங்கும். காலை நேரங்களில் செய்தேன். சுவரில் சுவிற்ச் பொருத்தும் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளங்கையளவு திரை, கடனட்டையளவு ஒரு சிறு கணினிப் பலகை, பழுதாய்ப்போன விளையாட்டுக் கைப்பிடி ஒன்றிலிருந்து கழற்றிய ஆறு பொத்தான்கள், பழைய மடிக்கணினியின் பற்றறியிலிருந்து எடுத்த லிதியம் செல். செல் தரும் மூன்றரைச் சொச்ச வோல்ற்றை ஐந்தாக உயர்த்திக் கணினிக்குக் கொடுக்க இன்னொரு சிறு பலகை. மெல்லிய சத்தத்துக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர்.

செல்லையும் அந்த உயர்த்தும் பலகையையும் இணைக்கும் வயரை மட்டும் கடையில் வாங்கவில்லை. எங்கள் வளவில் ஆமி வயர் ஒரு சுருள் கிடந்தது. இராணுவத்தினர் காவலரணுக்குக் காவலரண் தொலைபேசிக்காக இழுத்துவிட்டு, போகும்போது விட்டுப்போன கறுப்பு வயர். வேலி கட்டினோம், உடுப்புக் காயப்போட்டோம், வாளிக்குப் பிடி போட்டோம். ஒரு நாளும் அறுந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த வயரை அறியாத வீடு குறைவு. முழு வயர் பெட்டிக்குள் அடங்கவில்லை. உறையைச் சீவினேன். உள்ளே சிவந்த இழைகள் சில, வெள்ளையாக மினுங்கும் இழைகள் சில. சிவந்தவை மென்மையானவை, இரண்டு தரம் மடித்தால் முறிந்தன. அவற்றை எறிந்தேன். மினுங்கியவை ஈயம் பூசிய நல்ல செம்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டிரண்டாக முறுக்கி, உறை போட்டு, ஈயம் உருக்கி ஒட்டினேன். ஈயம் பிடிக்கக் கொஞ்சம் மறுத்தது. பிறகு பிடித்தது.

முதல் நாள் ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடியது. தாதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டியை நீட்டினார்.

“நிண்டுட்டுதாம். கழட்டட்டாம்.”

வீட்டில் திறந்து செல்லை மீற்றரில் பார்த்தேன். பாதிக்கு மேல் மின் இருந்தது. செல் பழையது, பாரம் வந்தால் வோல்ற் விழுகிறது என்று எழுதிவைத்து, புதிதாக ஒன்று வாங்கி மாற்றினேன். மேசையில் ஓடவிட்டேன். ஐந்து மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நாற்பத்தேழு நிமிடம்.

அன்று ஓட்டோவில் ஏறும்போது அத்தான் அக்காவிடம் சொன்னார்: “உன்ரை தம்பியைக் கம்பி சுடுதோ எண்டு ஒருக்காத் தொட்டுப் பாக்கச் சொல்லு.”

அவர் மயிலிட்டித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். நான் அக்காவிடம் சொன்னேன்: “இது மீன்பிடி எஞ்சின் இல்லையெண்டு அவருக்குச் சொல்லு.”

அக்கா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. “ஓட்டோக்காரத் தம்பி, நீர் வண்டியை எடும்,” என்றாள்.

எல்லாவற்றையும் குறித்துவைப்பது என் தொழிற்பழக்கம். அந்தக் கொப்பியை இப்போது எடுத்துப் பார்த்தால் திகதி, நிமிடம், செல்லின் வோல்ற், அன்றைய வெக்கை வரை இருக்கிறது. அத்தான் சொன்ன அந்த ஒரு வசனம் இல்லை.

மூன்றாவது தரமும் நின்றது. அதற்குள் எனக்கு வேறு சந்தேகம். பெட்டி இரவில் சார்ஜ் ஆவது மயிலிட்டியில், அவர்களுடைய வீட்டில். யாரோ பிளக்கைக் கழற்றிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். யாரோ என்று கொப்பியில் எழுதினேன், மனதில் எழுதியது வேறு. ஒரு காலையில் போய், பிளக்கும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய கடதாசித் துண்டை ஒட்டினேன். கழற்றினால் கிழியும்.

அக்கா கதிரையில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்த்தாள். “என்ன, என்ரை வீட்டுக்குச் சீல் வைக்கிறியோ?”

“சும்மா ஒரு அடையாளத்துக்கு.”

“அந்தாளில சந்தேகமெண்டு வாயைத் துறந்து சொல்லன். பேப்பரிலை மாதிரி ‘தெரிவிக்கப்படுகிறது’ எண்டு சொல்லாமல்.”

கணுக்காலில் விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் எண்ணினேன். அது நிரம்ப இருபத்தொரு விநாடி எடுத்தது.

அடுத்த காலை போய்ப் பார்த்தபோது கடதாசி கிழியாமல் இருந்தது. அதையும் நான் குறிக்கவில்லை. வோல்ற்றை உயர்த்தும் பலகையை மாற்றினேன். நான்காவது தரம் ஐம்பத்தெட்டு நிமிடம். அக்கா இரண்டாவது மணித்தியாலம் முடியமுன் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள்.

ஐந்தாவது தரம் பெட்டி நின்றதும் என்னை உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிடம் கதைத்துச் சமாளித்துவிட்டு வரும்படி சொன்னார்கள். அக்காவின் முகம் ஊதியிருந்தது.

“ஏழாயிரம் புள்ளிக்குக் கிட்ட வந்திட்டன்,” என்றாள். “உன்ரை சனியன் கண்ணை மூடிற்றுது. இனி என்னாலை ஏலாது. நேர்ஸ் மிஸ்ஸிட்டைச் சொல்லு கழட்டட்டாம்.”

“இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடக்கு அக்கா.”

“அப்ப நீ வந்து கிட.”

வெளியே வந்தபோது, தாதி கொண்டுவந்து கொடுத்த பெட்டி அத்தானின் மடியில் திறந்து கிடந்தது. நான்கு திருகாணிகளும் அவருடைய சேட் பொக்கற்றுக்குள். தூண்டில் நூல் வெட்டும் சிறு கத்தியால்தான் திருகியிருக்கிறார். பெட்டியைத் திரும்ப ஓடவிட்டு, உள்ளே கைவிட்டு வயரில் விரலை வைத்திருந்தார்.

பதினாறு வருட ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. அக்கா இல்லாதபோது எங்களுக்குக் கதைக்க வழி இல்லை. வாங்கின் நடுவில், மனைவிக்குத் துணையாக வந்த ஒரு வயதானவர் இருந்தார். அத்தான் அவரிடம் திரும்பினார்.

“ஐயா, உதிலை ஒருக்காக் கையை வையுங்கோ. சுடுதோ?”

வயதானவர் பயந்து பயந்து தொட்டார். “ஓம், கொஞ்சம் சுடுது.”

நான் அவரிடம் சொன்னேன்: “ஐயா, அதை மூடச் சொல்லுங்கோ. லிதியம் பற்றறி, பத்திச்சுதெண்டால் ஆஸ்பத்திரி வாட்டே எரியும்.”

“ஐயா, உந்தப் பேப்பர்காரரைக் கேளுங்கோ, உந்தக் கம்பி எங்கை எடுத்ததெண்டு.”

“தம்பிமார், நான் மனிசிக்குத் துணைக்கு வந்தனான். என்னை விடுங்கோ.”

அத்தான் விடவில்லை. வயரின் ஒரு முனையை வெட்டினார், உறையைச் சுரண்டினார், மினுங்கும் இழையை உயர்த்திப் பிடித்தார். பிறகு அதைப் பெட்டிக்குள்ளேயே இருந்த குட்டி ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஸ்பீக்கரின் பின்பக்கம் காந்தம். இழை கையிலிருந்து பாய்ந்து அதில் ஒட்டிக்கொண்டது.

“செம்பு ஒட்டுமோ ஐயா?”

“செம்பு எப்பிடி ஒட்டும்?”

“இது ஆமி வயர். நாங்கள் அகதி முகாமிலை உடுப்புக் காயப்போட்டது. உதுக்குள்ளை செம்பும் இருக்கு, இழுவைக்கு இரும்பும் இருக்கு. இந்த மனிசன் செம்பை எறிஞ்சுபோட்டு இரும்பைப் பொறுக்கி வைச்சிருக்கிறார்.”

வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மெல்லிய இரும்பிழை மின்னை மறிக்கும். மறித்த மின் சூடாகும். செல்லில் மூன்றே முக்கால் வோல்ற் இருந்தாலும் கம்பியின் மற்ற முனைக்குப் போய்ச் சேர்வது மூன்றுக்குக் கிட்ட. பலகை அதைப் பற்றறி முடிந்த கணக்கில் எடுத்து நின்றுவிடும். நான் ஒவ்வொரு தரமும் மீற்றரை வைத்தது செல்லின் முனையில். கம்பியின் மறுமுனையில் ஒரு தரமும் வைக்கவில்லை. வீட்டு மேசையில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பொத்தான் அழுத்த ஆளில்லாமல் ஓடவிட்டேன். வாட்டில் தலைக்குமேல் குழல்விளக்கு. அக்கா வெளிச்சத்தையும் சத்தத்தையும் முழுதாகக் கூட்டிவைத்துத்தான் ஆடுவாள். கூடுதல் மின் இழுக்க இழுக்கக் கம்பி கூடுதலாக விழுங்கும். படகு விளக்கு மங்கினால் முதலில் கம்பியைத் தொட்டுப் பார்ப்பது மயிலிட்டியில் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

அவர் பெட்டியை மூடவில்லை. திறந்தபடியே வாங்கில், வயதானவருக்கும் எனக்கும் நடுவில் வைத்தார். திருகாணிகளைப் பொக்கற்றிலிருந்து எடுத்து அதற்குள் போட்டார்.

அன்று அக்கா ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே வந்தாள். ஓட்டோவரை நடக்க மூன்று இடத்தில் நின்றாள்.

அடுத்த நாள் காலை மயிலிட்டியிலிருந்து வந்த ஒரு மீன்காரர் எங்கள் படலையில் தட்டி, ஒரு பொலித்தீன் பையைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு முழ நீளத்தில் சிவப்பும் கறுப்புமாகப் படகு வயர். எழுத்து ஒன்றும் இல்லை. வெட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தேன், ஒட்டவில்லை. அப்படிச் சோதித்ததை அவர் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

பெட்டியில் ஈயம் வைத்து ஒட்டினேன். இந்தத் தரம் கம்பியின் மறுமுனையில் மீற்றரை வைத்தேன். செல்லில் இருந்தது குறையாமல் வந்து சேர்ந்தது.

ஆறாவது நாள். ஒரு மணித்தியாலம் கழிந்தது. கதவு திறந்தது, வேறு யாருக்கோ. இரண்டு. வாங்கின் அந்த முனையில் அத்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்த முனையில் நான். நடுவில் அந்த வயதானவர், எங்களைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றுகொண்டிருந்தார். மூன்று. மூன்றேகாலுக்குத் தாதி வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பிவிட்டோம். அவர் எங்களைக் கடந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

நான்கு மணித்தியாலமும் ஏழு நிமிடமும் கழித்து அக்கா வந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள், பெட்டியைக் கமக்கட்டுக்குள் இடுக்கியிருந்தாள். நிறையில் மூன்று கிலோ குறைந்திருந்தது என்றாள். குறைந்தது முழுக்கத் தண்ணீர்.

நான் சொன்னேன்: “அக்கா, பிழை கம்பியிலைதான் எண்டு அத்தானிட்டைச் சொல்லு.”

“நீயே சொல்லு,” என்றாள். “அந்தாள் கம்பியைத் தொட்டுப் பாக்கச் சொல்லி எத்தினை நாள்? உங்கடை ரெண்டு பேற்றை ரோசத்துக்கு ஊதினது என்ரை கால். இனி உங்கடை கதையைக் காவ என்னாலை ஏலாது. வேணுமெண்டால் அந்த ஐயாவைக் கேள்.”

வயதானவர் அவசரமாக எழும்பித் தேத்தண்ணிக் கடைப்பக்கம் போய்விட்டார்.

பத்திரிகையில் திருத்தம் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும்: உட்பக்கம், சிறிய எழுத்து, கீழ் மூலை. அந்த அளவுக்குக்கூட வாய் வரவில்லை.

ஓட்டோவில் அக்காவை ஏற்றியபின் அத்தான் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பினார். என் முகத்தை நேரே பார்த்தார்.

“அந்தச் செம்பை எங்கை எறிஞ்சனீர்?”

“குப்பைக்குள்ளை.”

“தெரியும். உங்கடை வீட்டிலை இவளைத் தவிர ஆருக்குச் செம்பு தெரியும்?” என்றார். ஏறி இருந்தார். உள்ளேயிருந்து கட்டைகள் விழும் சத்தம் கேட்டது. ஓட்டோ திரும்பும்வரை அது நிற்கவில்லை.